பந்தலும் கொடிக்காலும் பனியன் துண்டும்

திருப்பூரில் பெரியதோட்டம் என்றொரு பகுதி இருக்கிறது. தோட்டம் பெயரோடு சரி. நெருக்கமான வீடுகள், குறுகிய சந்துகள், மாடியில் ஓடும் தையல் மிஷின்கள் என்று ஊரின் மற்ற பகுதிகளைப் போலத்தான் அதுவும். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் சென்னைக்காரருக்குத் தோன்றும் காட்சி ஒன்று, பல்லடத்துக்காரருக்குத் தோன்றும் காட்சி இன்னொன்று. சென்னையில் தோட்டம் என்றால் பூச்செடியும் புல்தரையும். கொங்கு நாட்டில் தோட்டம் என்றால் முதலில் கிணறு.

ஆற்று வாய்க்கால் பாய்ந்தால் வயல். வானம் பார்த்துக் கிடந்தால் காடு. அங்கே ஒரு மரம் இல்லாவிட்டாலும் அது காடுதான். நடுவில் கிணறு வெட்டி, நீர் இறைத்துப் பயிர் வைத்தால் தோட்டம். பழைய வருவாய்க் கணக்குகளில் இதைத் தோட்டக்கால் என்று எழுதினார்கள். குடியானவர் வீடும் பெரும்பாலும் ஊருக்குள் இருக்காது. தோட்டத்திலேயே சாளை கட்டி, கட்டுத்தரையில் மாடு கட்டி, அங்கேயே வாழ்ந்தார்கள். காய்கறி வளர்ந்தது இந்தச் சாளையைச் சுற்றித்தான். சாளை இருந்த இடத்தில் வேம்பு இருந்தது, வேம்பு இருந்தால் நிழலும் இருந்தது.

நிழல் விழும் இடத்தில் காய் வைப்பது எப்படி என்பது இன்று மாடித்தோட்டக்காரர்களின் கவலை. ஒருநாளைக்கு ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது, பக்கத்து வீட்டு மாடியோ மூன்று மணி நேரத்தை விழுங்கிவிடுகிறது. கொங்குத் தோட்டத்தின் பழைய கதையில் இந்தப் புலம்பலைக் காண முடியாது. அங்கே வெயிலுக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை, பஞ்சமெல்லாம் தண்ணீருக்குத்தான். திருப்பூர் வட்டாரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கிறது. ஆண்டு மழை 700 மில்லிமீட்டரைத் தொடுவதே அரிது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மழையைக் கேரளத்திலேயே இறக்கிவிட்டு, வெறுங்கையோடு வந்து மண்ணின் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகும். உடுமலையிலும் பல்லடத்திலும் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பது அந்தக் காற்றை நம்பித்தான். அப்படிப்பட்ட ஊரில் நிழல் என்பது தண்ணீரைச் சேமிக்கும் ஒரு வழி. அதனால் இங்கே நிழலை வளர்த்தார்கள், கழித்தார்கள், அளவு பார்த்து விட்டார்கள்.

அந்தக் கணக்கு ஏன் அவ்வளவு கறாராக இருந்தது என்பது கவலையைப் பார்த்தால் புரியும். கவலை என்றால் இங்கே மனக்கவலை அல்ல, மாடு பூட்டி நீர் இறைக்கும் ஏற்பாடு. ஒரு ஜோடி மாடு சரிவில் இறங்கும்போது வடம் இழுபட்டு, கிணற்றிலிருந்து சால் மேலேறும். சாலின் அடியில் பொருத்திய தோல் தும்பி வழியாகத் தண்ணீர் தொட்டியில் கொட்டும். மாடு பின்னோக்கி ஏறும்போது சால் மறுபடி கீழே போகும். விடிவதற்கு முன்பே இறைப்பு தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் நிற்கும். அந்தத் தோலைப் பதப்படுத்தித் தைத்தவர்கள் அருந்ததியர். வடம் அறுந்தாலும் தும்பி கிழிந்தாலும் அவர்கள் கை படாமல் தோட்டத்தில் ஒரு பாத்தி நனையாது. தோட்டத்தின் பெருமையைப் பேசுகிறவர்கள் பலர் இந்த ஒரு வரியைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

1800-இன் கடைசி மாதங்களில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தப் பகுதியைச் சுற்றி வந்த பிரான்சிஸ் புக்கானன், மாடு கட்டி இறைக்கும் இந்தக் கவலைத் தோட்டங்களைத் தன் பயண நூலில் பதிவுசெய்தார். நூல் 1807-இல் லண்டனில் வெளிவந்தது. 1887-இல் கோயம்புத்தூர் மாவட்டத்துக்கு விரிவான கையேடு எழுதிய எஃப். ஏ. நிக்கல்சனும் தோட்டக்கால் சாகுபடியில் தனிக் கவனம் செலுத்தினார். பிற்காலத்தில் உழவர்களுக்குக் கடன் கொடுக்கும் கூட்டுறவு வங்கிகளுக்காக அறிக்கை எழுதிய அதே நிக்கல்சன்தான். கிணறு வெட்டக் கடன் வாங்கி, கடனை அடைக்கக் கிணற்றை நம்பிய குடியானவர்களை நேரில் பார்த்தவருக்கு அந்த யோசனை வந்ததில் வியப்பில்லை.

இறைத்த தண்ணீரின் முதல் பங்கு விற்கும் பயிருக்குப் போனது. வீட்டுக் காய்கறிக்குக் கிடைத்தது மிச்சம்தான். பாத்திரம் கழுவிய நீர், குளித்த நீர், மாட்டுத் தொட்டியில் வழிந்த நீர். இவை போய்ச் சேரும் வீட்டின் பின்புறத்துக்குக் கொங்கில் பொடக்காலி என்று பெயர். பொடக்காலி அநேகமாக எப்போதும் அரைநிழல்தான். ஒரு பக்கம் சாளைச் சுவர், மறுபக்கம் வேம்போ முருங்கையோ. அங்கே எதை எங்கே வைப்பது என்பதற்குப் பெண்களிடம் ஒரு வரைபடமே இருந்தது.

“ஏனுங்கத்தை, வேப்பமரத்தடி நெழலடிச்சுக் கெடக்குது. அங்க என்னத்தப் போடறது?”

“மஞ்ச ரெண்டு கெழங்கு ஊனி வுடு, அம்மிணி.”

இப்படியொரு பேச்சு எந்தச் சாளையிலும் நடந்திருக்கும். மஞ்சள், சேம்பு, சேனை போன்ற கிழங்குகள் மர நிழலுக்கு முகம் சுளிப்பதில்லை. தண்ணீர் ஓடும் தாரை ஓரத்தில் சேம்பும் வாழையும் கறிவேப்பிலையும். அதைவிடக் கொஞ்சம் வெளிச்சமான இடத்தில் மணத்தக்காளி, புதினா, கொத்தமல்லி. காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கம் கீரைப் பாத்தி. மிளகாயும் கத்தரியும் திறந்தவெளிக்கு. இலையையும் கிழங்கையும் தின்கிற பயிருக்கு நிழல் ஒத்துக்கொள்ளும், பூத்துக் காய்க்க வேண்டியதற்கு ஒத்துக்கொள்ளாது என்பதை எந்தப் பாடமும் படிக்காமல் தெரிந்துவைத்திருந்தார்கள். புளியமரத்தடியை மட்டும் எல்லாரும் விட்டுவிட்டார்கள். அங்கே கயிற்றுக் கட்டில் போடலாம், வண்டி நிறுத்தலாம், பயிர் வைக்க முடியாது.

காய்க்கும் செடிகளில் நிழலோடு சமரசம் செய்துகொண்டவை கொடிகள். அவரை, சுரை, பீர்க்கு, புடலை, பாகல் எல்லாம் நம் ஊரின் பழைய காய்கள். தக்காளியும் மிளகாயும் கடல் கடந்து வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே ஏறிக்கொண்டிருந்தவை. கொடியின் வேர் நிழலில் கிடந்தால் போதும், தலை வெயிலைத் தேடிப் போய்விடும். ஆடியில் கட்டுத்தரை ஓரத்தில் நாலு அவரை விதையை ஊன்றி, மூங்கிலோ பருத்திமாரோ நட்டுப் பந்தல் போடுவார்கள். அவரை பொழுது குறுகும் காலத்தில் பூக்கும் பயிர். கார்த்திகையில் பூவெடுத்தால் தை வரை காய் குறையாது. பந்தலின் மேலே கொடிக்கு வெயில், கீழே மாட்டுக்கு நிழல். சுரைக்கொடியைச் சாளைக் கூரைமேல் ஏற்றிவிட்டால் வீட்டுக்குள் வெக்கை தணியும். பந்தலில் தொங்கும் புடலங்காய் கோணாமல் நீள அதன் நுனியில் சின்னக் கல் ஒன்றைக் கட்டிவிடுவார்கள். அந்தக் கல்லின் எடைக்கும் கணக்கு உண்டு. அதிகமானால் பிஞ்சு கழன்று விழும், குறைந்தால் பாம்புபோல் சுருண்டுகொள்ளும்.

ஆனால் நிழலை ஒரு தொழிலாகவே நடத்தியவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நுழைய வேண்டும். இப்போது அதற்குக் கரூர், பரமத்தி வேலூர்ப் பக்கம் போவது நல்லது. கொடிக்கால் என்ற சொல் சில சமூகங்களின் பெயரிலேயே ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு அது தனித் திறமையாகக் கருதப்பட்டது. வெற்றிலை நேர் வெயிலைத் தாங்காது, இருட்டிலும் தழைக்காது. அதற்கு வேண்டியது சல்லடையில் சலித்த வெயில். அந்தச் சல்லடை அகத்தி மரம்.

கொடிக்காலில் முதலில் விதைப்பது வெற்றிலையை அல்ல, நிழலை. நீண்ட மேட்டுப் பாத்திகள் எடுத்து, இடையில் ஆழமாக வாய்க்கால் வெட்டி, மேட்டில் வரிசையாக அகத்தி விதையைப் போடுவார்கள். ஒன்றரை மாதத்தில் அகத்தி வளர்ந்து மெல்லிய நிழல் விழத் தொடங்கியதும் அதனடியில் வெற்றிலைக் கொடித் துண்டுகளை நடுவார்கள். கொடி ஏற ஏற, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கோரையாலோ வாழைநாராலோ அகத்தித் தண்டோடு சேர்த்துக் கட்ட வேண்டும். அகத்தி சுமார் 13 அடி உயர்ந்ததும் தலையைக் கிள்ளிவிடுவார்கள். சுற்றிலும் காற்றுத் தடுப்பாக வாழை வரிசை இருக்கும். உச்சிவெயிலில் வெளியே நின்றால் கண் கூசும். வாழை வரிசையைத் தாண்டி ஓரடி உள்ளே வைத்தால் குளிர்ச்சியாகவும் ஈர மண்வாடையாகவும் இருக்கும், தரையெல்லாம் காசு காசாக வெளிச்சம் சிதறிக் கிடக்கும்.

அந்த வெளிச்சப் பொட்டுகள்தான் கொடிக்கால்காரரின் அளவுகோல். பொட்டு பெரிதாகித் தரை வெளுத்தால் இலை மஞ்சளிக்கும். பொட்டே இல்லாமல் போனால் இலை மெலிந்து, நோய் ஏறும். மழைக்காலம் நெருங்கும்போது அகத்தியின் பக்கக் கிளைகளைக் கழித்து வெளிச்சம் விடுவார்கள், கோடையில் தழைக்க விடுவார்கள். அகத்தியின் இலை பொடிப்பொடியாகப் பிரிந்திருப்பதால் வெயில் தடைபடுவதில்லை, வடிகட்டப்படுகிறது. அவரைக் குடும்பத்து மரம் என்பதால் வேரில் தழைச்சத்தையும் சேர்த்துவைக்கும். கழித்த தழை ஆட்டுக்கும் மாட்டுக்கும் போகும். கீரை வீட்டுக்கும் சந்தைக்கும் போகும். ஏகாதசி விரதமிருந்து மறுநாள் துவாதசியில் முதலில் சாப்பிடுவது அகத்திக்கீரை. நிழல் தரும் மரத்தின் நிழலையே சமைத்துச் சாப்பிடுகிற ஏற்பாடு வேறெங்காவது உண்டா என்று தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

இந்தப் பாடம் கொடிக்காலோடு நிற்கவில்லை. ஈரோட்டு மஞ்சள் தோட்டங்களில் இடையிடையே சின்ன வெங்காயமும் கொத்தமல்லியும், வாய்க்கால் கரையில் ஆமணக்கும் அகத்தியும் வைப்பது பழைய வழக்கம். வெங்காயம் சீக்கிரம் முடிந்துவிடும். ஆமணக்கு ஓங்கி நின்று மஞ்சளுக்குக் குடை பிடிக்கும், பிறகு கொட்டமுத்தாகக் காசும் கொடுக்கும். ஒரே மடைத் தண்ணீரில் நாலு பயிர்.

தோட்டத்துக்கு வெளியே, காட்டில் இருந்த நிழல் வேறு வகை. காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் பக்கத்துக் கொரங்காடுகள் மேய்ச்சலுக்கென்றே விடப்பட்ட நிலங்கள். கீழே கொழுக்கட்டைப் புல், மேலே அங்கங்கே வெள்வேல் மரம், சுற்றிலும் கிளுவை வேலி. காங்கேயம் மாட்டினம் உருவானது இந்த மூன்றின் நடுவில். பாளையக்கோட்டைப் பட்டக்காரர் குடும்பம் அந்த இனத்தைப் பேணி வளர்த்த கதை ஊரறிந்தது. வெள்வேலின் நிழல் கட்டியாக விழாது, அதனடியில் புல் சாகாமல் வளரும். வேலியோ வேலி மட்டுமல்ல, நட்டுப் பராமரிக்காத காய்கறித் தோட்டம். கிளுவைப் போத்தை வெட்டி நட்டால் துளிர்த்துவிடும். அதன்மேல் கோவைக்கொடி, பிரண்டை, முடக்கத்தான், முசுமுசுக்கை, தூதுவளை எல்லாம் அழைக்காமலே ஏறிக்கொள்ளும். கிளுவையின் அரைநிழலில் தொங்கும் கோவைக்காயைப் பறித்துப் பொரியல் வைக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மழை பெய்த பத்தாம் நாள் காட்டில் பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் முளைத்திருக்கும். நிலமில்லாத குடும்பங்கள் காய்கறி என்று சாப்பிட்டதில் பெரும்பகுதி இந்த வேலியும் வரப்பும் கொடுத்ததுதான். கம்பி வேலியும் காம்பவுண்டுச் சுவரும் வந்தபோது போனது வெறும் கிளுவை அல்ல. இன்று அதே கோவைக்குத் தண்டு வாங்கி வந்து பந்தலில் ஏற்றி, காயைக் கிலோக் கணக்கில் விற்கிறார்கள்.

தோட்டத்தின் முகம் மாறியது பருத்தியாலும் மின்சாரத்தாலும். 1862-இல் சென்னையிலிருந்து மேற்குக் கரைக்குப் போகும் ரயில்பாதை திருப்பூர் வழியாக முழுமையடைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி வந்தது. கிணற்றுப் பாசனத்துக்கு அது அருமையாகப் பொருந்தியது. திருப்பூர் பருத்திச் சந்தையானது, அரைவை மில்கள் எழுந்தன. 1930-களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா மின்சாரம் சமவெளிக்கு இறங்கியபோது, கவலைச் சரிவுகளின் பக்கத்தில் மோட்டார் அறைகள் முளைத்தன. இரண்டு மாடும் ஓர் ஆளும் அரைநாள் இறைத்ததை மோட்டார் கொஞ்ச நேரத்தில் இறைத்துத் தள்ளியது. தண்ணீருக்கான கறார் தளர்ந்தது. அதோடு நிழலுக்கான மதிப்பும் தளர்ந்தது. பருத்திக்கு முழு வெயில் வேண்டும், வரப்பு மரம் இடைஞ்சல். இந்த இடத்தில் மரத்தை வெட்டியவர்களைக் குறை சொல்வது எளிது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து கவலை ஓட்டியவரிடம் மோட்டார் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. கிணறுகள் ஆழமாகிக்கொண்டே போனதும், பிறகு போர்வெல் வந்ததும், அதற்கடுத்த தலைமுறையின் கணக்கில் ஏறியவை.

1960-களில் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் வாய்க்கால்கள் உடுமலை, பல்லடம், காங்கேயம் பக்கங்களைத் தொட்டன. தண்ணீர் மண்டலம் மண்டலமாக, முறை வைத்துத்தான் வரும். முறை வராத மாதங்களில் மறுபடியும் கிணறு. உடுமலைப் பக்கம் தென்னை பெருகியது. தென்னந்தோப்பின் நிழலில் என்ன வைப்பது என்ற பழைய கேள்வி புதிதாக எழுந்து, வாழை, கோகோ என்று விடைகள் வந்தன.

இதற்கிடையில் திருப்பூரே வேறு ஊராகிக்கொண்டிருந்தது. 1920-களில் கை மிஷினோடு தொடங்கிய பனியன் தொழில், 1970-களின் இறுதியில் இத்தாலிக்கு ஏற்றுமதியாகத் தொடங்கியது. தோட்டத்தை விற்றோ ஈடு வைத்தோ மிஷின் வாங்கிய குடியானவர் பிள்ளைகள் முதலாளிகளானார்கள். காய் பறித்த கைகள் பிசிறு வெட்டப் போயின. இந்த ஊரில் கம்பெனி என்றால் பனியன் கம்பெனி, வேறு விளக்கம் தேவையில்லை. தோட்டங்கள் ஒவ்வொன்றாகச் சைட்டாகி, நகராகி, பெரியதோட்டம்போல் பெயராக மட்டும் எஞ்சின.

நொய்யல் ஆற்றங்கரைத் தோட்டங்களுக்கு வந்தது வேறு வகைச் சேதம். துணியில் சாயம் பிடிக்க மூட்டை மூட்டையாக உப்பு வேண்டும். அந்த உப்பு துணியில் தங்காது, தண்ணீரோடு வெளியேறும். நிறம் கண்ணுக்குத் தெரியும், உப்பு நாக்குக்குத்தான் தெரியும். 1992-இல் ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே அணை கட்டினார்கள். பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் தரவேண்டிய அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறியது. சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பேறின. கீரை கருகியது, கொத்தமல்லி முளைக்கவே மறுத்தது, இளநீர் கரித்தது. உழவர்கள் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாடு வரும்வரை சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. ஊர் சில மாதம் ஸ்தம்பித்தது. பிறகு ஆலைகள் சுத்திகரிப்பு நிலையங்களோடு திரும்பின. மண்ணில் இறங்கிய உப்பு மட்டும் நீதிமன்ற உத்தரவுக்குக் கட்டுப்பட்டு வெளியேறவில்லை.

உப்பு எட்டாத தெற்கே, பல்லடம், பொங்கலூர், குடிமங்கலம், உடுமலை வட்டாரங்களில் பந்தல் புதுப்பிறவி எடுத்தது. மூங்கிலுக்குப் பதில் கருங்கல் தூண், பருத்திமாருக்குப் பதில் கம்பி வலை. ஆறரை அடி உயரத்தில் ஏக்கர் கணக்கில் ஒரு பச்சைக் கூரை. ஒருமுறை நட்டுவிட்டால் கல் தூண் தலைமுறைக்கு நிற்கும். பாகலும் பீர்க்கும் புடலையும் மாறி மாறி ஏறி இறங்கும். தோட்டக்கலைத் துறை மானியமும் தருகிறது. கொடி பந்தலை மூடுவதற்கு முந்தைய வாரங்களில் கீழே வெங்காயமோ கொத்தமல்லியோ கீரையோ ஒரு போகம் எடுத்துவிடுவார்கள். மூடிய பிறகு உள்ளே குனிந்து நடந்து காய் பறிக்கும் பெண்களுக்கு அதுதான் குடை. தக்காளிக் காட்டில் வேலை செய்வதைவிடப் பந்தலுக்குள் வேலை செய்ய ஆள் சுலபமாகக் கிடைப்பதற்குக் கூலி மட்டும் காரணமல்ல. பறித்த காய் விடியுமுன் திருப்பூர்ப் பல்லடம் சாலையின் தெற்கு உழவர் சந்தைக்குப் போகும், மீதி கணவாய் தாண்டிக் கேரளத்துக்கும் போகும். 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டம் இந்த ஊருக்கு வந்தபோது, வாங்குவதற்கு லட்சக்கணக்கான தொழிலாளர்கள் காத்திருந்தார்கள்.

பிறகு வந்தது நிழல்வலை. குழித்தட்டில் தென்னைநார்க் கழிவு நிரப்பித் தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்று வளர்க்கும் பண்ணைகளில் மேலே கட்டியிருக்கும் பச்சை வலை. 35 சதவீதம், 50 சதவீதம், 75 சதவீதம் என்று நிழலை இப்போது கடையில் கேட்டு வாங்கலாம். கொடிக்கால்காரர் தரையில் விழும் பொட்டுகளைப் பார்த்துக் கணித்ததை ரோலில் அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். அவரால் ஐப்பசியில் கழித்து மாசியில் தழைக்கவிட முடிந்தது. வலைக்கு அந்த வித்தை தெரியாது, சுருட்டி வைக்கத்தான் முடியும்.

திருப்பூர்க்காரர் ஒருவர் நிழல்வலையின் ஒரு துண்டை விரலில் பிரித்துப் பார்த்தால் உடனே சொல்லிவிடுவார், இது தறியில் நெய்ததல்ல, பின்னியது என்று. பிளாஸ்டிக் இழையை ராஷெல் என்ற பின்னல் மிஷினில் கொடுத்து உண்டாக்குவது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நாடக நடிகை ராஷெலின் பெயரால் அந்த மிஷினுக்குப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். நாற்றங்காலுக்குக் குடை பிடிப்போம் என்று அந்த அம்மையார் நினைத்திருக்க மாட்டார். பனியனும் நிழல்வலையும் ஒரே பின்னல் குடும்பத்தின் இரண்டு கிளைகள். பனியன் துணி வட்ட மிஷினில் குறுக்குவாட்டில் பின்னப்படுவது. ஒரு கண் அறுந்தால் வரிசையாக ஓடும். நிழல்வலை நெடுக்குவாட்டில் பின்னப்படுவது. கத்தரியால் எங்கே வெட்டினாலும் பிரியாது. அதனால்தான் ஓரம் தைக்காமலே கம்பியில் கட்டிவிட முடிகிறது.

இனி ஊருக்குள், லைன் வீடுகளுக்குத் திரும்பலாம். தொழிலாளர்கள் குடியிருக்கும் இந்த வரிசை வீடுகளில் முற்றம் என்பது இரண்டு வரிசைக்கு நடுவில் ஆறேழு அடிச் சந்து. அங்கேதான் குழாய், துவைக்கும் கல், கோலம், சைக்கிள். அங்கேதான் பெயின்ட் டப்பாவிலும் அரிசிச் சாக்கிலும் செடிகள். தமிழக அரசு 2013-14-இல் சென்னைக்கும் கோவைக்கும் மாடித்தோட்டப் பைகளை மானியத்தில் கொடுக்கத் தொடங்குவதற்கு முன்பே சாக்கில் கீரை வளர்ந்த சந்துகள் இவை. தேனியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும், இப்போது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களின் பொடக்காலி இதுதான்.

சந்துத் தோட்டக்காரர்களுக்கு ஒரு சூட்சுமம் தெரிந்திருக்க வேண்டும். மேலைநாட்டுத் தோட்டப் புத்தகங்கள் தெற்குப் பார்த்த சுவரே சிறந்தது என்கின்றன, அந்த நாடுகளில் சூரியன் எப்போதும் தெற்கில் சாய்ந்து நிற்பதால். திருப்பூர் 11 பாகை வடக்கில் இருக்கிறது. இங்கே சித்திரை முதல் வாரத்திலும் ஆவணித் தொடக்கத்திலும் உச்சிச் சூரியன் நேர் தலைக்குமேல் வரும். இடைப்பட்ட நான்கு மாதம் அது வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். பத்தடிச் சுவர் மார்கழி நடுப்பகலில் வடக்கே ஏழடிக்கு நிழல் போடும். அதே சுவர் ஆனியில் தெற்கே இரண்டடிதான் போடும். அதாவது தையில் இருண்டு கிடக்கும் வடக்குச் சந்து, வைகாசியில் வெயிலில் காயும். வாழையையும் வேம்பையும் நகர்த்த முடியாது, பெயின்ட் டப்பாவை நகர்த்தலாம். கார்த்திகையில் எதிர்வரிசைக்குப் போன மிளகாய்ச் செடி, சித்திரையில் பழைய இடத்துக்கே திரும்பி வரும்.

மரமும் ஊருக்குள் திரும்பிக்கொண்டிருக்கிறது. 2015-இல் தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’ அமைப்பு பல லட்சம் கன்றுகளை நட்டிருக்கிறது, அவற்றில் பெரும்பங்கு உழவர்களின் சொந்த நிலத்தில். 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு அவிநாசித் திட்டம் செயல்பாட்டுக்கு வந்து, 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானி ஆற்றின் உபரிநீர் போகிறது. பக்கத்துக் கிணறுகளில் நீர்மட்டம் ஏறினால் சில தோட்டங்களுக்கு மறுபடி காய்கறி வரலாம்.

பந்தல் தோட்டங்களிலும் லைன் வீட்டுச் சந்துகளிலும் ஒரு பொருள் பொதுவாகக் கண்ணில் படுகிறது. கட்டிங் டேபிளில் மிஞ்சும் பனியன் துண்டு. விரல் அகலத்துக்குக் கிழித்து இரண்டு கையால் இழுத்தால், ஓரங்கள் தாமாகச் சுருண்டு உருண்டைக் கயிறாகிவிடும். சணல் இறுக்கி இளந்தண்டை அறுக்கும், பிளாஸ்டிக் கயிறு வழுக்கும். இது தண்டு பருக்கப் பருக்கத் தானும் நெகிழ்ந்துகொடுக்கும். கொடிக்காலில் வாழைநார் செய்த வேலையை இங்கே இது செய்கிறது. பீர்க்கங்கொடியின் கணுவுக்குக் கீழே எட்டு வடிவில் ஒரு சுற்று, கம்பியில் ஒரு சுற்று, தளர்வாக ஒரு முடிச்சு. ஷிஃப்ட் முடிந்து வந்தவர் கைகால் கழுவிய கையோடு அந்த முடிச்சைப் போட்டுவிட்டு உள்ளே போகிறார். துண்டின் நிறம் அந்த வாரம் கம்பெனியில் ஓடிய ஆர்டரின் நிறம்.